நீல டிரெய்லரின் எர்த் ஒயர்

மிதித்தால் சக்கரத்துக்குக் கரண்ட் அனுப்பும் பிரேக் கன்ட்ரோலரைக் கழற்றி மேசைமேல் வைத்த பிறகும் அந்த நீல டிரெய்லர் பிரேக் பிடித்தது. பட்டறையில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். டிரைவர் வண்டிக்கு அருகில் நின்று, செத்துப்போன தன் மகனை நினைப்பார். நான்கு சக்கரமும் கப்பென்று இறுகும். நினைப்பு விலகினால் தளரும். வாயைப் பிளந்த மெக்கானிக்குகளும் உண்டு, நமக்கெதுக்கு வம்பு என்று ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டு நழுவியவர்களும் உண்டு.

அதிசயம் ஒரு பக்கம் இருக்கட்டும், மிதித்தால் அல்லவா பிடிக்க வேண்டும்? மிதித்தால் டிரெய்லர் ஏனென்று கேட்காது. டிரைவரோ குவாரிக் கல் ஏற்றுகிறவர். குவாரியிலிருந்து வரும் இறக்கம் முடிகிற இடத்தில் பள்ளிக்கூடம். அதனால் இறக்கம் வருமுன்பே மகனின் கடைசிக் காய்ச்சலை, அந்தச் சூட்டை, கையில் வரவழைத்துக்கொண்டுதான் வண்டியை இறக்குவார். வருடங்கள் இப்படியே போயின. சிரித்தால் பிரேக் விட்டுவிடும் என்று மனுஷன் சிரிப்பதையே விட்டார். சோறு இறங்கவில்லை, ஆள் பாதியானார். வண்டியை வேறு யாரிடமும் கொடுக்கவும் முடியாது. யார் போய் அந்தத் துக்கத்தைக் கடன் வாங்குவது?

பட்டறை அவருடைய தங்கையினுடையது. வண்டி எலக்ட்ரிக் வேலையில் அவள் கை வைத்தால் விளக்கு எரியும் என்பார்கள். கன்ட்ரோலரைத் திரும்ப மாட்டி, அண்ணனை மிதிக்கச் சொல்லி, சக்கரத்தில் டெஸ்ட் லாம்பை வைத்தாள். கரண்ட் வந்தது. அப்புறம் நீளமான ஒரு ஒயரை எடுத்து, சக்கரத்தை இறுக்கும் பிரேக் காந்தத்தின் எர்த் முனையை நேரே பேட்டரி நெகட்டிவோடு இணைத்தாள். மிதித்ததும் சக்கரம் இறுகியது.

"போற கரண்டு திரும்பி வர வழியில்லண்ணே. அதான் உன் வழியா வந்துட்டிருக்கு," என்றாள்.

வழியை அடைத்தது பெயிண்ட். படுக்கையில் விழுமுன் அந்தப் பையன் அப்பாவுக்காக டிரெய்லர் முழுக்க நீலம் அடித்தான். அழகு கெடக்கூடாது என்று எர்த் ஒயரை வண்டிச் சட்டத்தோடு சேர்க்கும் போல்ட்டையும் பெயிண்டுக்கு மேலேயே முறுக்கிவிட்டான். இரும்பு இரும்பைத் தொடவே இல்லை.

"சுரண்டணும்," என்றாள் தங்கை.

"தொட்டே, கையை ஒடிப்பேன்." டிரைவர் போல்ட்டைக் கையால் மறைத்தார். "மிதிச்சாலே நின்னுச்சுன்னா, அவனை நான் எதுக்கு நினைப்பேன்? மறந்துருவேன்மா."

அவளும் அவனைத் தூக்கி வளர்த்த அத்தையாயிற்றே. "பாவம்ணே, செத்தும் அவனையா பிரேக் பிடிக்கச் சொல்றே? பிள்ளைக்குக் கொஞ்சம் ஓய்வு குடேன்," என்றாள்.

டிரைவர் போல்ட்டைக் கழற்றினார். பிறகு உப்புத்தாளைத் தானே வாங்கி, போல்ட் உட்காரும் அளவுக்கு மட்டும் தேய்த்தார். நீலத்துக்கு அடியில் இரும்பு காய்ச்சல் நெற்றிபோலச் சுட்டது. தேய்க்கத் தேய்க்க ஆறியது. உதிர்ந்த தூளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அன்று தங்கையைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு முழு லோடுடன் இறங்கினார். பாதி இறக்கத்தில் தங்கை ஏதோ கிண்டல் செய்ய, தன்னை மறந்து சிரித்துவிட்டார். பதறிப்போய் மிதித்தார். டிரெய்லர் நல்ல பிள்ளையாக நின்றது.

இப்போதும் லோடு இறக்கி, வண்டியை அணைத்து, சாவி பையில் இருக்கும்போது, டிரெய்லர் தானாக ஒருமுறை பிரேக் பிடித்துத் தளரும். "சரிடா, வந்துட்டேன்," என்று சொல்லிவிட்டு டிரைவர் சாப்பிடப் போவார். அதை ரிப்பேர் என்று யாரும் பட்டறைக்குக் கொண்டுவரவில்லை.