கறுப்புக் கோடு

ஏவெர்ட்டின் கொட்டகைக்குள் டோர்கெல் நுழைந்தது அதுதான் முதல் தடவை. இருபது வருடச் சிநேகம். ஆனாலும் எப்போதும் ஏவெர்ட்தான் இவருடைய மரப்பட்டறைக்கு வருவார். "என்னோடது பன்னித்தொழுவம்டா, உள்ள வந்தா உனக்கு மாரடைப்பே வந்துரும்" என்பார். இன்று ஏவெர்ட்டுக்குப் பிறந்தநாள். ஜூனிபர் மரத்தில் செதுக்கிய வெண்ணெய்க் கத்தியைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்திருந்தார். "கொட்டகைலதான் இருக்காருண்ணே, காப்பிக்கு இழுத்துட்டு வாங்க" என்று ஏவெர்ட்டின் மனைவி மாய்கென் அனுப்பிவைத்தாள்.

தொழுவமாவது ஒன்றாவது! தரை துடைத்துவிட்டாற்போல் இருந்தது. வெள்ளைச் சுவரில் கருவிகள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றையும் சுற்றி அதன் வடிவத்துக்கே கறுப்புப் பெயிண்டில் கோடு. ஒரு கருவி இடம் மாறினால் காலிக்கோடு காட்டிக்கொடுத்துவிடும். டோர்கெல் தன் பட்டறையில் செய்திருந்த ஏற்பாடு அது. "செத்தவனைச் சுத்திப் போலீஸ் கோடு போடற மாதிரி இருக்கு" என்று கேலி செய்தவர்தான் இந்த ஏவெர்ட்.

இரண்டாவது வரிசையில், கோட்டுக்குள் கச்சிதமாக, ஓர் உள்ளங்கையளவு இழைப்புளி தொங்கியது.

டோர்கெல் பிர்ச் மரத்தில் தானே செய்துகொண்டது. ரம்பத்தில் நுனி போன தன் இடது கட்டைவிரலுக்கென்று அதில் ஒரு குழி தோண்டியிருந்தார். வேறு யார் விரலும் அதில் உட்காராது.

முதலில் வந்தது சந்தோஷம்தான், வெட்கக்கேடான சந்தோஷம். அப்படியானால் தனக்குப் புத்தி கெடவில்லை. ஏழு வாரமாக அதைத் தேடாத இடமில்லை. மரத்தூள் மூட்டைகளைக் கொட்டி, டார்ச் அடித்து, முட்டிபோட்டுக் கூடவே தேடியவர் ஏவெர்ட். இழுப்பறைகளில் ஆணி, கீல், திருகு என்று எழுதி ஒட்டி, "இனிமே மறக்கமாட்டே" என்றவரும் அவர்தான். ஞாபகசக்திப் பரிசோதனைக்குக் காரில் கூட்டிப்போனவரும் அவரேதான். மறதிக்காரன் கையில் மின்ரம்பம் ஆகாது என்று மனைவி குன்வோர் சொல்லிவிட்டாள். சனிக்கிழமை அந்த நாலுகால் மேஜை ரம்பம் ஏவெர்ட்டின் கொட்டகைக்குப் போவதாக முடிவாகியிருந்தது. டோர்கெலும் தலையாட்டியிருந்தார்.

மூலையில் நின்ற ஏவெர்ட்டின் முகம் வெளிறிப்போயிருந்தது.

"ரெண்டு நாள் வச்சுட்டுத் தந்துரலாம்னுதான்டா எடுத்தேன். அதுக்குள்ள நீயே, எங்கயோ வச்சு மறந்துட்டேன்னு சொல்லிட்ட. அப்புறம் எப்படிச் சொல்றது?"

"அந்தப் பரிசோதனைல கடிகாரம் வரையச் சொன்னாங்கடா என்னை. சின்னப் பிள்ளை மாதிரி உக்காந்து வரைஞ்சேன். நீ வெளிய உக்காந்து பன் தின்னுட்டு இருந்த."

டோர்கெல் சுவரை மறுபடி பார்த்தார். இரவல் வாங்கிய பொருள் மேஜைமேல் கிடக்கும். அதற்குச் சுவரில் எவனாவது கோடு போடுவானா? அதுவும் இரண்டு பூச்சு! இழைப்புளியைக் கழற்றினார். கட்டைவிரல் தானாகவே குழிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

"காப்பி ஆறுது!" என்று வீட்டிலிருந்து மாய்கென் குரல் கொடுத்தாள்.

"அப்போ... சனிக்கிழமை?" என்று ஏவெர்ட் இழுத்தார். அவர் கண் தரைக்குப் போய்த் திரும்பியது.

டோர்கெலும் குனிந்து பார்த்தார். அவர் காலைச் சுற்றிச் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு செவ்வகம் வரைந்திருந்தது. நீளம், அகலம், நாலு கால் நிற்கும் புள்ளிகள் எல்லாம் அளவு பிசகாமல். அவருடைய ரம்பத்தின் இடத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார்.