பின்சீட்டுக்காரிக்கு ஒரு வார்

பைக்குக்குப் புது சீட்டைத் தேர்ந்தெடுப்பதற்குள் கூகாவுக்குச் சட்டை வியர்வையில் நனைந்துவிட்டது. வாகாமட்சு துறைமுகத்தை ஒட்டிய, நண்பன் ஒனிசுகாவின் பைக் பட்டறையில் மூன்று சீட்டுகள் கிடந்தன. கூகாவின் மனைவி மிசுசு உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள்.

போன வசந்தத்தில் மேட்டுச் சிக்னலில் வண்டி கிளம்பியபோது அவள் பின்னால் சரிந்து விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். அப்புறம் வண்டியில் ஏறவே இல்லை. “சீட்டைப் பாத்துட்டுச் சொல்றேன்” என்று மட்டும் சொல்லி இன்று வந்திருந்தாள். ஞாயிறுகளில் கூகா தனியாக ஆசோ மலைவரை போய், நின்றபடியே நூடுல்ஸ் தின்றுவிட்டுத் திரும்புவான். வீட்டிலும் இருப்புக்கொள்ளாது, போன இடத்திலும் கொள்ளாது.

முதல் சீட் தாழ்வாக, அவனுக்கென்றே அளவெடுத்த மாதிரி இருந்தது. பின்பக்கம் கட்டைப் பலகை.

“தனியாப் போனா நீ ராஜா. அண்ணிக்குத்தான் தண்டனை” என்றான் ஒனிசுகா.

இரண்டாவது சீட்டில் பின்பக்கம் உயரமாக, மெத்தென்று இருந்தது. அதை வண்டியில் வைத்து, கூகாவை முன்னால் உட்காரவைத்து, ஒனிசுகாவே பின்னால் ஏறிக் காட்டினான். அவன் தொந்தி கூகாவை டாங்க்மேல் தள்ளியது.

“இறங்குடா, மூச்சு முட்டுது!”

“அண்ணி எனக்குப் பாதிதானே, தாங்கிப் பழகு.”

“தனியாப் போனாலும் டாங்க்மேலதான் உக்காரணும்போல. வேணாம்.”

மூன்றாவது சீட் நீளமாக, மட்டமாக இருந்தது. தனியாகப் போனால் பின்னால் நகர்ந்துகொள்ளலாம், இருவர் போனால் முன்னால். நடுவில் குறுக்காக ஒரு தோல் வார்.

“இது சரி. ஆனா இந்த வார் தொடைக்கடியில உறுத்துமே.”

“சர்க்கார் வண்டிச் சோதனைக்குத்தானே அது? ரெண்டு பேர் வண்டில புடிக்க ஏதாவது இல்லாட்டி பாஸ் போட மாட்டான். முடிஞ்சதும் கழட்டித் தரேன், வழக்கம்போல.”

“வழக்கம்போலன்னா?” மிசுசு உள்ளே வந்திருந்தாள். “பழைய சீட்லயும் இருந்துச்சா?”

ஒனிசுகா ஸ்பேனரைத் தேடப் போனான்.

“எல்லாரும் கழட்டுறதுதான்” என்றான் கூகா.

“எல்லாரையும் கேக்கல.”

“கழட்டினேன். உறுத்துச்சு.”

“புடிச்சு உக்காரத் தெரியாதவன்னு உங்க அம்மாகிட்ட சொன்னீங்க. நானும் அப்படித்தான்னு நினைச்சுக்கிட்டேன்.”

அவள் பையைத் தரையில் வைத்தாள். “தம்பி, இந்த சீட்டை மாட்டுங்க. வார் வேணாம்.” மாட்டியதும் முன்னால் ஏறி உட்கார்ந்தாள். “நீங்க பின்னாடி ஏறுங்க. தம்பி, வண்டிய வெடுக்குனு இழுங்க.”

ஒனிசுகா ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்தான். கூகாவின் கை அவள் மழைக்கோட்டில் வழுக்கியது. பின்னால் பெருவெளி. கால் தரையைத் துழாவ, அவள் தோளை நகம் பதியப் பிடித்துத்தான் தப்பினான்.

“வாரை மாட்டுடா” என்றான்.

மிசுசு தோளைத் தேய்த்துக்கொண்டாள். “பஸ் ஸ்டாப் வரைக்கும்தான். அதுக்கு மேல கேக்காதீங்க.”

ஒனிசுகா வாரை மாட்டி, அவளுக்கு இரவல் ஹெல்மெட் கொடுத்தான். இந்த முறை கூகா முன்னால், அவள் பின்னால். அவள் இரண்டு கையாலும் வாரைப் பிடித்ததும் அது இறுகி அவன் தொடையில் ஏறியது. கூகா நகர்ந்து பார்த்தான்.

“ஆடாதீங்க.”

ஆடவில்லை. நிறுத்தம் வந்தது. வேகத்தைக் குறைத்தான். பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பேர் அவர்களையே பார்த்தார்கள். அவள் இறங்கவில்லை.

“அடுத்த ஸ்டாப்ல பாப்போம்” என்றாள். “மெதுவா.”