மாட்டாஸ்பத்திரிக் கூட்டம்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாட்டாஸ்பத்திரிக்குப் போகிற ஆம்பிளைகள் தோளில் ஒரு கயிறு போட்டுக்கொண்டு போவார்கள். கேட்டால், "மாடு உள்ளே கட்டியிருக்கு, ஊசி போடணும்" என்பார்கள். உள்ளே ஒரு கன்றுக்குட்டிகூடக் கிடையாது. பின்னறையில் குடியை விட்டவர்களும் விடப் பார்க்கிறவர்களும் வட்டமாக உட்கார்ந்து பேசுகிற கூட்டம் அது. சின்ன ஊர். குடித்துவிட்டுச் சாக்கடையில் கிடந்தால் எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான். குடியை விடப் போகிறான் என்று தெரிந்தால் மட்டும் ஊரே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். என்ன நியாயமோ!

வெல்டருக்கும் ஒரு கயிறு உண்டு. அவனைக் கூட்டி வந்தது அவன் அக்கா புருஷன், அந்த ஆஸ்பத்திரியின் கம்பவுண்டர். முன்பெல்லாம் இப்படி ஒரு கூட்டத்துக்கு மூணு பஸ் மாறி டவுனுக்குப் போகணும். போய்த் திரும்புவதற்குள் வழியில் எத்தனை சாராயக்கடை! கம்பவுண்டர்தான், சாவி நம்மகிட்டத்தானே இருக்கு என்று பின்னறையைத் திறந்துவிட்டார்.

"நான் விட்டுப் பத்து வருஷம் ஆச்சு. என்னால முடிஞ்சது உன்னால முடியாதா மாப்ள?"

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் வெல்டர் கரையேறினான். விதைப்புச் சமயத்தில் குடியை விட்டவன், இப்போது அறுவடையும் முடிந்துவிட்டது, ஒரு சொட்டு தொடவில்லை.

அம்மா வீட்டுக்குப் போய்விட்ட பெண்டாட்டி மட்டும் லேசில் மசியவில்லை. "உங்க வாயை நம்பி நம்பி நான் நாசமாப் போனது போதும். கம்பவுண்டர் அண்ணன் சொல்லட்டும், வர்றேன்" என்று சொல்லிவிட்டாள். இன்றைக்குக் கூட்டத்துக்குக் குடும்பத்தாரும் வரலாம். துணிப்பையோடு வருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

வெல்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. முதல் ஆளாக வந்து அறையைப் பெருக்கினான். வைக்கோல் தூசி தொண்டையில் ஏறி இருமல் பிடுங்கியது. தண்ணீர்ப் பானை காலி. மேஜைமேல் கம்பவுண்டர் மாமாவின் ஃபிளாஸ்க். சர்க்கரை வியாதிக்காரர், பால் போடாத டீ அவருக்கு எப்போதும் பக்கத்தில் இருக்கணும். மூடியில் ஊற்றி ஒரே மடக்கு.

அது டீ இல்லை.

நாக்குக்குப் புரிவதற்குள் தொண்டைக்குப் புரிந்துவிட்டது. பழைய நெருப்பு, அதே நெருப்பு. நெஞ்சு முழுக்க இறங்கி, இன்னொரு வாய் எங்கேடா என்று கேட்டது. வெல்டர் மூடியை வைத்துவிட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டான்.

கையைத் துடைத்துக்கொண்டே மாமா உள்ளே வந்தார். மூடியைப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று.

"எப்பலேர்ந்து மாமா?"

"சத்தம் போடாதே."

"எப்பலேர்ந்து திரும்பக் குடிக்கிறீங்க?"

"விட்டாத்தானேடா திரும்ப."

பத்து வருஷம்! அவர்மேல் அடிக்கும் வாடையை ஊசி போடுகிற ஸ்பிரிட் என்றே ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. பாவி மனுஷன். எத்தனை ஞாயிற்றுக்கிழமை இந்த ஆள் முன்னால் வெல்டர் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதிருக்கிறான்!

அதற்குள் கயிறுகள் வரத் தொடங்கின. முடிதிருத்துகிறவர், லாரிக்காரர், செங்கல் சூளைக்காரர். கடைசியாகத் துணிப்பையோடு பெண்டாட்டி. சிரித்துக்கொண்டே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவள், அப்படியே எழுந்துவிட்டாள்.

"குடிச்சிருக்கீங்க."

ஃபிளாஸ்க் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. திறந்து காட்டினால் முடிந்தது கதை. ஆனால் கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு இத்தனை பேர் அந்த மனுஷனை நம்பி உட்கார்ந்திருக்கிறார்கள். அவனவன் கதையை அவனவன்தான் சொல்லணும், அடுத்தவன் கதையை எடுக்கக்கூடாது என்பது அந்த அறையின் கட்டுப்பாடு. கற்றுக்கொடுத்தவரும் அவரேதான்.

வெல்டர் எழுந்தான். "இன்னைக்கு ஒரு வாய் உள்ளே போயிடுச்சு. தெரியாமக் குடிச்சேன். தெரிஞ்சதும் வெச்சிட்டேன். அவ்வளவுதான் என் கதை." மாமாவையே பார்த்தான். சொல்லுங்க மாமா, உங்க வாயால சொல்லுங்க.

அவளும் அவர் பக்கம்தான் திரும்பினாள். "அண்ணே, நீங்க சொல்லுங்கண்ணே. நான் நம்பறேன்."

கம்பவுண்டர் தொண்டையைச் செருமினார். "தடுக்கி விழறது சகஜம்தாம்மா. எல்லாரும் தெரியாமத்தான்னு சொல்லுவாங்க. இன்னும் கொஞ்ச நாள் நீ அம்மா வீட்லயே இரு."

அடப்பாவி! பெற்ற தகப்பனைவிட மேலாக நினைத்திருந்தானே.

பெண்டாட்டி பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். வெல்டர் ஃபிளாஸ்கை எடுத்து மாமாவின் மடியில் வைத்தான்.

"உங்க முறை மாமா."

கம்பவுண்டர் ஃபிளாஸ்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிறகு வாராவாரம் சொல்வதைச் சொன்னார்.

"நான் குடியை விட்டுப் பத்து வருஷம் ஆச்சு."

எல்லாரும் கை தட்டினார்கள். வெளியே பஸ் கிளம்புகிற சத்தம் கேட்டது.