உபயதாரர்

"பதிவை நீ பண்ணிடு. அன்னைக்கு நீ பகல் டியூட்டி போட்டுக்கோ."

ஒரே மூச்சில் இரண்டையும் சொல்லிவிட்டு, மாமியார் பூண்டு உரிப்பதைத் தொடர்ந்தாள். சொன்னதில் தப்பு எதுவும் இருப்பதாக அந்த முகத்தில் அறிகுறியே இல்லை.

பெரிய மருமகள் அப்போதுதான் இரவு வேலை முடிந்து வந்திருந்தாள். செருப்பைக்கூட இன்னும் கழற்றவில்லை. ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு அவளுக்கு. தெருவே அவளை நர்ஸம்மா என்றுதான் கூப்பிடும். அந்தத் தெருவில் பாதிப் பிள்ளைகள் இந்த உலகத்தில் முதலில் பார்த்த முகம் அவளுடையதுதான். அதில் ஒன்றிரண்டு பேர் கணக்குப் பாடத்தில் சுமார் என்பதைத் தவிர யாருக்கும் ஒரு குறையும் வந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அவள் புருஷன் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து, நல்ல காரியத்துக்குக் கிளம்புகிற யாரும் அந்த முகத்தைப் பார்த்துவிடக் கூடாது என்று வீட்டில் ஒரு சட்டம் நடந்துகொண்டிருந்தது.

இப்போது நல்ல காரியம் சின்ன மருமகளுக்கு. அவள் ஏழு மாதக் கர்ப்பிணி. முதல் குழந்தை வயிற்றிலேயே இறந்து பிறந்ததால், இந்தத் தடவை அம்மன் கோயிலில் சுகப்பிரசவ அபிஷேகம் செய்ய வேண்டும் என்று மாமியார் முடிவு கட்டியிருந்தாள். அந்தக் கோயிலில் அதற்கு ஏகப்பட்ட கிராக்கி. மாதத்தில் ஒருநாள் காலையில் இணையத்தில் பதிவு திறப்பார்கள். காப்பி ஆறுவதற்குள் எல்லா இடமும் நிரம்பிவிடும். கொழுந்தன் இரண்டு மாதமாக முயன்று தோற்றிருந்தான். கம்பெனியில் பத்துப் பேரை மேய்க்கிறவன் என்று பேர்தான். கோயிலின் பக்கத்தைத் திறந்து, "இது என்ன கேக்குது?" என்று அவன் யோசிப்பதற்குள் ஊரில் உள்ளவர்கள் எல்லாம் பதிவு பண்ணிவிட்டுப் போய்விடுவார்கள்.

"அண்ணிதான் கை வேகம். அண்ணியே போடட்டும்" என்று அவன் கைப்பேசியை நீட்டினான்.

கையைக் கழுவிவிட்டு அவள் உட்கார்ந்தாள். தூக்கம் கண்ணைச் சுழற்றியது. சின்னவள் தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து அமர்ந்தாள்.

"அக்காவும் வரட்டுமே அத்தை. அவங்க இல்லாம எனக்கு பயமா இருக்கு."

"பயம் போகத்தான் அம்மன்கிட்ட போறோம்" என்றாள் மாமியார். பிறகு குரலைக் கொஞ்சமும் தாழ்த்தாமல், "முதல் தடவை இவதான் கூடவே இருந்தா. என்ன ஆச்சுன்னு பார்த்தோம்ல?" என்றாள்.

பெரியவளின் விரல் கண்ணாடித் திரையில் ஒரு கணம் நின்றது. அந்தக் குழந்தையைக் கையில் ஏந்தியவள் அவள்தான். துடைத்து, சுற்றி, முகத்தைச் சின்னவளுக்கு ஒருமுறை காட்டிவிட்டு எடுத்துப் போனவளும் அவள்தான். மாமியார் அந்நேரம் வராந்தாவில் உட்கார்ந்து தலைவிதியைத் திட்டிக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து பெரியவளுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. இந்தப் பிள்ளையாவது அழுதுகொண்டு பிறக்க வேண்டும் என்று அந்த அம்மனுக்கு எதிரே நின்று தன் வாயால் ஒருமுறை கேட்டுவிட வேண்டும். தூணுக்குப் பின்னால் நின்று கேட்டால் அம்மனுக்குக் காது கேட்காது என்பதில்லை. ஆனாலும் எதிரே நின்று கேட்க வேண்டும். இவ்வளவுதான். இதைக்கூட வாய்விட்டுச் சொல்ல முடியாத வீடு அது.

பக்கம் திறந்தது.

"அடையாள அட்டை நம்பர் கேக்குது, தம்பி."

"என்னுது பீரோல இருக்கு. எடுக்கறதுக்குள்ள போயிடும். உங்களுதையே போடுங்க அண்ணி."

போட்டாள். அதற்குக் கீழே இருந்ததைச் சத்தமாகப் படித்தாள். "பதிவு பண்றவங்கதான் உபயதாரர். பூஜை அவங்க பேர்ல நடக்கும். அவங்களே அட்டையோட வந்து புடவையைக் கையால குடுக்கணும். வேற ஆள் வந்தா நடக்காதுன்னு போட்டிருக்கு."

"அதெல்லாம் சும்மா போடுவாங்க" என்றான் கொழுந்தன்.

"நம்ம சொன்னா விட்டுடுவாங்க" என்றாள் மாமியார். "நீ அமுக்கு."

அந்த வீட்டில் எல்லாச் சட்டமும் வளையும். வரிசையில் நிற்க வேண்டும் என்பது வளையும், வண்டியை இங்கே நிறுத்தக் கூடாது என்பது வளையும், கோயில் விதியும் வளையும். புருஷன் செத்தவள் முன்னால் வரக் கூடாது என்ற ஒன்றுதான் இரும்பு. அவள் அமுக்கினாள். இடம் கிடைத்துவிட்டது. கொழுந்தன் கைதட்டினான். மாமியார் கிழக்கே பார்த்துக் கும்பிட்டாள். இடம் பிடித்துக் கொடுத்தவளுக்குக் காப்பி போட யாருக்கும் தோன்றவில்லை. அவளே எழுந்து போட்டுக்கொண்டாள்.

அம்மனுக்குச் சாத்தும் புடவையை வாங்கியதும் அவள்தான். பழத்தட்டுக்குச் சொன்னது, மாலைக்குச் சொன்னது, சம்பந்தி வீட்டாரை அழைத்துவர வண்டி பேசியது எல்லாம் அவள்தான். வேலை செய்கிற கைக்கு மட்டும் தீட்டு கிடையாது போலிருக்கிறது. அபிஷேக நாளன்று விடியும் முன்னே, யார் கண்ணிலும் படாமல் பின்வாசல் வழியாக டியூட்டிக்குப் போனாள். அதற்கும் அவளுக்குப் பழக்கம் இருந்தது.

வார்டில் ஒரு தலைப்பிரசவம் இழுத்துக்கொண்டிருந்தது. பையில் கைப்பேசி அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்தது. குழந்தை பிறந்து, அழுது, அம்மாவின் மார்பில் போட்ட பிறகுதான் அவளால் அதை எடுக்க முடிந்தது.

"அண்ணி, கொஞ்சம் கோயிலுக்கு வந்துட்டு போங்களேன்" என்றான் கொழுந்தன். குரலில் இருந்த மரியாதை அவளுக்குப் புதிதாக இருந்தது. "நீங்க வந்தாத்தான் ஆகும்னு ஒத்தக்கால்ல நிக்கறாங்க."

அவள் பதில் சொல்வதற்குள் மாமியார் கைப்பேசியைப் பிடுங்கிவிட்டாள். "பக்கத்து வாசல் வழியா வா. முகத்தைக் காட்டிட்டு உடனே போயிடலாம்."

தலைமை நர்ஸிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். கோயில் நடக்கிற தூரம்தான். பக்கத்து வாசல் முதலில் வந்தது. அதன் எதிரே ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு நேராக நடந்து பெரிய வாசல் வழியாகவே உள்ளே போனாள்.

உள்ளே கூத்து நடந்துகொண்டிருந்தது. மூக்குக் கண்ணாடி போட்ட கோயில் எழுத்தர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எதிரே மாமியார்.

"நான்தாங்க வீட்டுக்குப் பெரியவ. நான் குடுத்தா ஆகாதா?"

"ஆகாதும்மா. தரகருங்க பத்துப் பேரு பேர்ல இடத்தைப் பிடிச்சு வித்துட்டிருந்தாங்க. அதனாலதான் இந்த விதி. போன வாரம் பெரிய அதிகாரி வீட்டுக்கே முடியாதுன்னுட்டேன்."

"எங்களுக்கு இங்க அறங்காவலரையே தெரியும்."

"அவருதாம்மா விதியைப் போட்டவரு."

சம்பந்தியம்மா வாயில் முந்தானையை வைத்து மறைத்துக்கொண்டாள். சிரிப்பா வருத்தமா என்று தெரியவில்லை. பெரியவளுக்கு லீவு கிடைக்கவில்லை, பாவம், என்று மாமியார் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். பாவப்பட்டவள் இப்போது ஆஸ்பத்திரிச் சீருடையோடு வாசலில் வந்து நின்றாள்.

பையிலிருந்து அவள் எடுத்து நீட்டிய அட்டையை எழுத்தர் வாங்கிப் பார்த்துவிட்டு, அவள் பெயரை உரக்கச் சொல்லி, "உபயதாரர் வந்தாச்சு!" என்று உள்ளே குரல் கொடுத்தார். அந்தப் பெயரை அந்தக் குடும்பத்தில் யாரும் உச்சரித்துப் பல காலம் ஆகியிருந்தது. ஏய், இந்தா, பெரியவளே என்றே ஓட்டிவிட்டார்கள். தன் பெயர் மணி ஓசைக்கு நடுவே கேட்டதும், வேறு யாரையோ கூப்பிடுவதுபோல அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"முன்னாடி வாங்கம்மா" என்றார் பூசாரி.

மாமியார் அவர் காதருகே ஓடினாள். "சாமி, அவ... அவளுக்கு வீட்டுக்காரர் இல்லை."

பூசாரி அம்மன் முகத்தைப் பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "அடுத்த உபயக்காரங்க வாசல்ல நிக்கறாங்க. நடத்தணுமா வேண்டாமா, சீக்கிரம் சொல்லுங்க."

மேடை மேடையாக எத்தனையோ பேர் தொண்டை கிழியப் பேசியும் அசையாத வழக்கம், ஒரு சுவர்க் கடிகாரத்துக்குப் பயந்து வழி விட்டது. மாமியாரின் முகத்தில் கணக்கு ஓடியது. பூஜை நின்றால் சம்பந்தி முன்னால் மானம் போகும். நடந்தால் வெறும் நெற்றியோடு ஒருத்தி முன்னால் நிற்பாள். அதையும் சம்பந்தி பார்ப்பாள். அவள் பெரியவளின் கையைப் பிடித்துத் தூணருகே இழுத்தாள். தட்டிலிருந்து ஒரு சிட்டிகை குங்குமத்தை எடுத்தாள்.

"கொஞ்ச நேரத்துக்குத்தான். பூஜை முடிஞ்சதும் தொடச்சுக்கலாம். பார்க்கறவங்களுக்கு நல்லா இருக்கணும்ல?"

சொல்லிக்கொண்டே தன் கையால் வைத்துவிட்டாள். புருஷன் போன அன்று அந்த நெற்றியைப் புறங்கையால் தேய்த்து அழித்ததும் இதே கைதான். பக்கத்து வீட்டுப் பெண்கள் தயங்கி நின்றபோது, "நான் செய்யறேன், விடுங்க" என்று முந்திக்கொண்டு வந்த கை. சாஸ்திரம், சம்பிரதாயம், முன்னோர் வகுத்தது என்று அன்று என்னவெல்லாம் பேசினாள்! அந்த முன்னோர் எல்லாம் சம்பந்தியம்மாவின் பார்வைக்கு முன்னால் எங்கே போய் ஒளிந்துகொண்டார்களோ தெரியவில்லை.

பெரியவள் தூணை விட்டு விலகினாள். முன்னால் போனாள். சின்னவள் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "வந்துட்டீங்களா அக்கா" என்றாள். பூசாரி பெயரும் நட்சத்திரமும் கேட்டார். முதலில் தன்னுடையதைச் சொன்னாள். அடுத்துச் சின்னவளுடையதை. புடவையைத் தன் கையால் கொடுத்தாள். தீபம் உயர்ந்தபோது அம்மனின் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்து, இத்தனை மாதமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டாள். கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை.

பூஜை முடிந்தது. பிரசாதத் தட்டோடு எல்லோரும் கலைந்து நின்றார்கள். மாமியார் அவசரமாக அவளிடம் வந்தாள். முந்தானை நுனியை விரலில் சுற்றி நீட்டினாள்.

"சரி, ஆச்சு. தொடச்சுக்கோ."

"எதை அத்தை?"

"எதையா? நெத்தில இருக்கறதை."

"நான் வைக்கலையே. நீங்கதானே வச்சீங்க." அவள் குரல் உயரவில்லை, ஆனால் சம்பந்தியம்மா திரும்பிப் பார்த்தாள். "நீங்களே தொடச்சு விடுங்க. அன்னைக்கு தொடச்ச மாதிரியே. எல்லாரும் இருக்காங்க, அம்மனும் இருக்கா."

சொல்லிவிட்டுக் குனிந்து நெற்றியைக் காட்டினாள்.

மாமியாரின் கை பாதி வழி வந்தது. எதிரே சம்பந்தி. ஒரு பக்கம் கொழுந்தனும் உறவுக்காரர்களும், மறுபக்கம் புதுப்புடவை கட்டி, நெற்றி நிறையக் குங்குமத்தோடு அம்மன். பக்கத்தில் சின்னவள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "வேண்டாம் அத்தை" என்றாள். அவ்வளவு பெரிய சம்பிரதாயத்தைத் தாங்கிய கை அந்தரத்தில் நின்றது. பிறகு முந்தானையைச் சரிசெய்வதுபோல மெல்லக் கீழே இறங்கியது.

"எனக்கு டியூட்டிக்கு நேரமாச்சு" என்றாள் பெரியவள். வந்த வழியாகவே, பெரிய வாசல் வழியாகவே வெளியே போனாள்.

வார்டில் காலையில் பிறந்த குழந்தை பசித்து அழுதுகொண்டிருந்தது. அவள் அதைத் தூக்கினாள். அது அழுகையை நிறுத்திவிட்டு, அவள் நெற்றியில் இருந்த சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தது.