எல்லாவற்றுக்கும் விழிக்கும் கருவி

இறந்தவரைக் குளிப்பாட்ட நீரெடுத்து வரும் நீர்மாலைக் குடத்தின் கழுத்தில் பூச்சரத்தைச் சுற்றிக்கொண்டே, வேல்ராஜ் தன் தங்கையை மறுபடியும் அதட்டினான்.

"ஏளா பிரேமா! அப்பா ஐஸ் பெட்டிக்குள்ள கெடக்காவ. மேளக்காரன் வெயில்ல காயுதான். இன்னுமா போன்ல பேச்சு?"

"இந்தா வாரேண்ணே. இன்னைக்குச் சொல்லலன்னா கருவிய மூடிருவாவ. பொறவு மாத்த முடியாது."

பிரேமா பெங்களூரில் செயற்கைக்கோளுக்கான கருவியொன்றை வடிவமைப்பவள். விண்வெளியில் எங்கேனும் காமாக் கதிர்கள் வெடித்துச் சிதறினால், அது அக்கணமே விழித்துப் பதிவு செய்ய வேண்டும்.

"அப்பன் போனது பெருசில்ல, வானம் பெருசாப் போச்சு" என்று இசக்கியம்மாள் அத்தை முகவாயைத் தோளில் இடித்தாள்.

"அவ வானத்துக்குக் காவக்காரில்லா, அத்தை!" என்றான் வேல்ராஜ்.

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பாவோடு அல்லாடியவன் அவன். அப்பா தாணுலிங்கம் வாரந்தவறாமல் "நெஞ்ச அடைக்குலே" என்பார், இவன் வீட்டுமுன் மளிகைக் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஆட்டோ பிடிப்பான், மருத்துவர் வாயு என்பார், தெருவே சிரிக்கும். நேற்று மாலையும் அடைக்கிறது என்றார். துறைமுகத்தில் நின்ற கப்பலுக்குச் சாமான் ஏற்றும் அவசரம். தராசை விட்டு நகராமலேயே ஓமத் தண்ணீர்ப் புட்டியை நீட்டி, "இதக் குடிச்சிட்டுப் படுங்க" என்றான். கடையடைத்து வீட்டுக்குள் போனபோது உடல் குளிர்ந்திருந்தது.

முற்றத்தில், போனில் சக பொறியாளனிடம் பிரேமாவின் குரல் உயர்ந்தது.

"இல்ல அனஸ். பொய்யா அலாரம் அடிக்குன்னு முழிக்கிற வரம்ப ஏத்திராத. ஏத்துனா, மெல்லிசா வார நெச வெடிப்பும் தப்பிரும். பொய்யி எத்தன வந்தாலும் வரட்டும். எல்லாத்துக்கும் முழிக்கட்டும். நெசமா பொய்யான்னு பொறவு நாம பாப்போம்."

அவள் வந்து நின்றபோது அவன் கையில் பூ கசங்கிக் கிடந்தது.

"என்னண்ணே, பூவ இப்படி நசுக்கி வச்சிருக்க?"

"கட்டு நிக்கல."

அவள் பெட்டியின் கண்ணாடியில் படர்ந்திருந்த ஈரத்தைத் துடைத்தாள்.

"நேத்து வலிக்குன்னு ஏதும் சொன்னாவளா?"

"ஒன் குடத்தத் தூக்குளா. நேரமாச்சி."

வெளியே மேளம் முழங்கியது. சன்னல் திட்டில், மூடி திருகப்படாத ஓமத் தண்ணீர்ப் புட்டி வெயிலில் மினுங்கிற்று. வேல்ராஜ் தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன்மேல் போட்டுவிட்டு, தன் குடத்தைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினான்.