தானாகப் போனவள்

ஊர்க்கோடியில் இருக்கும் முதியோர் இல்லத்தில் இர்மா கோவாச் பத்தொன்பது வருடம் துணி துவைத்தாள். இல்லத்தைப் புதிதாக வாங்கிய கம்பெனி, துணியை வெளியே கொடுத்து வெளுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தது. நவம்பரில் ஒரு காலை மேலாளர் ஸ்டெர்லிங் சலவைக்கூடத்துக்கு வந்து, இயந்திரச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்திச் சொன்னான்.

"இர்மா, நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாம். தப்பா எடுத்துக்காதீங்க, மேலிடத்து உத்தரவு."

மேசை விரிப்புகளை எடுத்துப்போக வந்திருந்த டெசி அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். சமையலறையில் வேலை பார்ப்பவள், இர்மாவின் நெடுநாள் சிநேகிதி. வேறு யாரும் அங்கில்லை.

இரும்பாலைகள் மூடிய காலத்திலிருந்து எங்கள் ஊரில் வேலையில்லாதோர் உதவித்தொகை வாங்காத குடும்பம் குறைவு. இர்மாவின் அப்பாவும் அந்த வரிசையில் நின்றவர்தான். இப்போது வரிசை கிடையாது, எல்லாம் கணினியில். நான் வேலை பார்க்கும் நூலகத்துக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துதான் அவள் விண்ணப்பித்தாள். அவளுடைய முகம் அவளுடைய முகம்தான் என்று அந்தக் கணினி ஒப்புக்கொள்ளவே பல நாள் ஆயிற்று. உதவி எண்ணைக் கூப்பிட்டால் பாட்டுப் போட்டார்கள். பாட்டு முடிந்ததும் இணைப்பைத் துண்டித்தார்கள்.

"பொணத்துக்குக்கூட இத்தனை கேள்வி கேக்க மாட்டாங்க" என்றாள்.

கிறிஸ்துமஸுக்கு முன்பு பதில் வந்தது. தொகை கிடையாது. அவள் தானாக வேலையை விட்டுப் போனதாகக் கம்பெனி சொல்லியிருந்தது. ஆளை நிறுத்தினால், இந்த உதவித்தொகைக்கென்று கம்பெனி கட்டும் வரி ஏறும். தானாகப் போனவர்களால் அந்தச் செலவு இல்லை.

மேல்முறையீடு செய்தோம். தொலைபேசியிலேயே விசாரணை, சாட்சி இருந்தால் பெயர் தரலாம் என்றார்கள்.

"நான் இருக்கேன்டி" என்றாள் டெசி. "அந்தாளு சொன்னத என் காதால கேட்டேன். எங்க வேணா சொல்லுவேன்."

"உன் வேலை போயிடும்."

"போகட்டும். உப்பில்லாம சமைச்சுச் சமைச்சு என் நாக்கே செத்துப்போச்சு."

சிரித்தாள். அவள் கணவன் ஆர்வில்லுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. ரத்தம் சுத்திகரிக்கும் செலவெல்லாம் டெசியின் வேலையோடு வரும் காப்பீட்டில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி இருவருமே பேசவில்லை.

விசாரணையில் நடந்ததை மறுநாள் இர்மா என்னிடம் சொன்னாள். வீட்டைச் சூடேற்றும் எரிவாயுவை மிச்சம் பிடிக்க, கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டே சமையலறை மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். ஸ்டெர்லிங்கும் அதே இணைப்பில் இருந்தான்.

"அவங்களுக்கு முதுகுவலிங்க. போயிடுறேன் போயிடுறேன்னு ரொம்ப நாளாச் சொல்லிட்டிருந்தாங்க. அன்னிக்குக் கிளம்பிட்டாங்க, அவ்வளவுதான்."

"பொய் சொல்றாருங்க!"

"உங்க முறை வரும்போது பேசுங்கம்மா" என்றாள் விசாரணை அதிகாரி. அந்தக் குரலில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. முறை வந்தபோது கேட்டாள்: "வர வேண்டாம்னு எழுத்துல ஏதாவது குடுத்தாங்களா?"

"இல்லீங்க."

"சாட்சி இருக்குன்னு போட்டிருக்கீங்க. இப்ப லைன்ல சேக்கட்டுமா?"

"யாரு? எங்ககிட்ட வேலை பாக்குறவங்களா?" என்றான் ஸ்டெர்லிங், மிக மெதுவாக.

கையில் குழாய்களோடு நாற்காலியில் சாய்ந்து கிடக்கும் ஆர்வில்தான் அப்போது இர்மாவின் கண்முன் வந்தான். போன வாரம்தான் அவனைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

"வேண்டாங்க. சாட்சி இல்லை."

"நிச்சயமா? அப்புறம் சேக்க முடியாது."

"நிச்சயமாத்தான்."

அந்த நேரம் முழுக்க டெசி, இல்லத்தின் பின்பக்கம் தன் காரில் போனைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் நேராக இர்மாவின் வீட்டுக்கு வந்தாள்.

"போன் வரவே இல்லையேடி?"

"தேவைப்படலையாம். அவங்களே முடிச்சுட்டாங்க."

"அப்ப ஜெயிச்சுடுவ."

"பாக்கலாம்."

தோற்றாள். இரண்டு மாத வாடகை நின்றுபோய், பனி உருகுவதற்குள் வீட்டைக் காலி செய்தாள். டோலிடோ நகரத்தில் அவள் தங்கை வீட்டில் ஓர் அறை இருந்தது. பஸ் நிலையத்துக்கு டெசிதான் காரில் கொண்டுபோய் விட்டாள். வழியில் சிக்னலில் நின்றபோது, முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாளாம்.

"அன்னிக்குப் போன் அடிக்கலையில்ல? எனக்கு அப்பாடான்னு இருந்துச்சுடி. உன்கிட்டச் சொல்லாம இருக்க முடியல. என்ன ஜென்மம் நான்!"

நடந்ததைச் சொல்லிவிடலாம் என்று இர்மாவுக்கு ஒரு கணம் வாய்வரை வந்தது. சொன்னால் இவள் ஆயுசுக்கும் அதைச் சுமப்பாள் என்று நினைத்தாள். அதோடு, டெசியின் அந்த 'அப்பாடா' இர்மாவுக்கும் வலித்தது.

"பச்சை விழுந்துடுச்சு பாரு, போ" என்றாள்.

டோலிடோவில் ஒரு ஹோட்டலில் வாரத்தில் சில நாள் மட்டும் துணி துவைக்கும் வேலை கிடைத்திருக்கிறது. எனக்கு மட்டும் எப்போதாவது போன் செய்கிறாள். டெசி கூப்பிட்டால் எடுப்பதில்லை.

"என் மேல கோவமா இருக்காளா?" என்று டெசி நூலகத்துக்கு வரும்போதெல்லாம் கேட்கிறாள். இல்லை என்கிறேன். அவள் நம்புவதில்லை.