விடு

மடியில் இருக்கிற ஹெல்மெட்டைக் கொஞ்சம் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று அவள் மறுபடியும் போய்க் கேட்டுக்கொண்டாள். வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தவர்களில் யாராவது ஒருவர் அடிக்கடி கண் அசந்துவிட, ஹெல்மெட் தரையில் விழுந்து உருண்டு, உள்ளே தூங்கிக்கொண்டிருந்த நோயாளிகள் திடுக்கிட்டு விழித்தார்கள். நர்ஸுக்கு முகம் சுண்டிப்போயிற்று. சாகக் கிடக்கிற ஒருவரைப் பார்க்க இத்தனை பேர் வருவார்கள் என்று அந்த நர்ஸ் எதிர்பார்க்கவில்லை. அதுவும் அத்தனை பேரும் சைக்கிளில்.

சாகக் கிடந்தவர், ஹெல்மெட்டைப் பிடித்துக்கொள்ளச் சொன்னவளுடைய அப்பா. ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்த்துக் கொடுக்கிற சலவை ஆலையில் வேலை. பிழைக்க வந்த நாட்டில், ஷிப்டு முடிகிற நேரத்துக்கு பஸ் கிடையாது என்பதால் ஒரு பழைய சைக்கிளை வாங்கினார். வாங்கியவர் வேலைக்குப் போனோமா வந்தோமா என்று இருந்தாரா? மூடிக்கிடந்த ஒரு கடையின் கார் நிறுத்துமிடத்தில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில், தன்னைப்போலவே எங்கெங்கிருந்தோ வந்து சேர்ந்த பெண்களுக்கு சைக்கிள் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். அவர் பாஷை அவர்களுக்குத் தெரியாது, அவர்கள் பாஷை அவருக்குத் தெரியாது. பிழைக்க வந்த ஊர்ப் பாஷையோ இரண்டு தரப்புக்கும் தகராறு. இருந்தும் வருஷத்துக்கு வருஷம் கூட்டம் கூடிக்கொண்டே போனது. பாலத்து ரோட்டில் சைக்கிளுக்குத் தனிப் பாதை வேண்டும் என்று நகராட்சிக் கூட்டத்தில் ஒற்றைக் காலில் நின்றதும் அவர்தான். பக்கத்தில் பள்ளிச் சீருடையில் நின்று, அவர் பொரிந்து தள்ளியதை எல்லாம் மரியாதையான வார்த்தைகளாக மாற்றிச் சொன்னது அவள்.

பாங்கு, பள்ளிக்கூடம், வீட்டுக்காரர், வேலை போட்டுத்தரும் அலுவலகம் என்று எங்கே போனாலும் அப்பா அம்மாவுக்கு அவள்தான் வாய். பல் முளைத்ததே மொழிபெயர்க்கத்தான் என்று அப்பா கிண்டல் செய்வார்.

ஆனால் சைக்கிள் மட்டும் அவளுக்கு வரவில்லை. சின்ன வயதில் ஒரே ஒரு தடவை ஏறினாள். விழுந்து தாடை கிழிந்தது. "விடும்மா" என்று சொல்லி அப்பா தூக்கிக்கொண்டு வந்தார். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஊரிலிருக்கிற பெண்களை எல்லாம் ரோட்டில் ஏற்றிவிட்டவர் பெற்ற பெண்ணை விட்டுவிட்டார் என்று அம்மாதான் குத்திக்காட்டுவாள். பரீட்சையில் கோட்டைவிட்டபோதும், வெளியூரில் கிடைத்த முதல் வேலை போனபோதும், நிச்சயம் வரை வந்த கல்யாணம் நின்றபோதும் அப்பா அவளிடம் சொன்னது அதே சொல்தான். விடும்மா. பாத்துக்கலாம்.

நேற்று சாயங்காலமும் அதைத்தான் சொன்னார்.

நுரையீரல் காய்ந்து சுருங்கிப்போகிற வியாதி. முகத்தில் இறுக்கிக் கட்டிய மாஸ்க் இனிமேல் போதாது என்றார் டாக்டர். அடுத்த படி, தொண்டையில் குழாய் செருகி மூச்சு கொடுக்கிற மெஷின். அதில் போட்டால் திரும்ப எடுக்க முடியாமலே போகலாம். போடவில்லை என்றால் திணறல் தெரியாமல் இருக்க மருந்து கொடுத்து, கூடவே இருக்கலாம். நினைவு தெளிவாக இருக்கும்போதே அவரையே கேட்டுவிடு என்றார். சின்ன வயதுக்காரர்தான், ஆனால் பேச்சில் நிதானம் இருந்தது.

அவள் குனிந்து கேட்டாள். "அப்பா, வாய் வழியா டியூப் விடணும்ங்கறாங்க. என்னப்பா சொல்லட்டும்?"

அப்பா மாஸ்க்கை விரலால் நெம்பித் தூக்கினார். மூச்சு வாங்கிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்து, "விடு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "விடும்மா" என்றார்.

அவள் டாக்டர் பக்கம் திரும்பி, வேண்டாம் என்கிறார் என்று ஊர்ப் பாஷையில் சொன்னாள். டாக்டர் தலையை ஆட்டிவிட்டு அவள் தோளைத் தொட்டார். கால்மாட்டில் அம்மா, அப்பாவின் பாதத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அம்மாவும் தமிழில் கேட்டுக்கொண்டுதானே இருந்தாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

விடிந்தபோது இறுக்கமான மாஸ்க்கை எடுத்துவிட்டு, மெல்லிய ஒன்றை மாட்டியிருந்தார்கள். அப்பா கண் திறக்கவில்லை. செய்தி எப்படியோ பரவி ஹெல்மெட்டுக் கூட்டம் வந்து சேர்ந்தது.

அதில் ஒருத்தி தையல்காரி. அப்பாவிடம் முதன்முதலில் கற்றுக்கொண்டவர்களில் ஒருத்தி, வேறு தேசத்துக்காரி. அவள் எழுந்து வந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஊர்ப் பாஷையில், ரொம்ப நாளாக ஒன்று கேட்க வேண்டும் என்று இருந்தேன் என்றாள். வீடு என்றால் என்ன?

வீடு என்றால் வீடுதான், குடியிருக்கிற இடம் என்று மகள் சொன்னாள். தையல்காரி தலையசைத்து மறுத்தாள். அதாக இருக்காது, உன் அப்பா எங்கள் பின்னால் ஓடிவரும்போது கத்துவாரே அது, என்றாள். பயத்தில் பிரேக்கைப் பிடிக்கப் போவோம், காலை ஊன்றப் போவோம், உடனே பின்னாலிருந்து வீடு, வீடு என்று ஒரே சத்தம். நிறுத்தாதே, மிதி, போய்க்கொண்டே இரு என்றுதானே அதற்கு அர்த்தம்? நாங்கள் எல்லாரும் இப்போது எங்கள் பிள்ளைகளுக்கு அப்படித்தான் கத்துகிறோம். மற்றவர்களும் ஆளாளுக்கு அந்தச் சொல்லைச் சொல்லிக் காட்டினார்கள். ஒருத்தி நீட்டினாள், ஒருத்தி அழுத்தினாள். யார் வாயிலும் அது சரியாக வரவில்லை.

விடு. சைக்கிளை விடு. நிறுத்தாமல் விடு.

மகள் ஆமாம், அந்த அர்த்தம்தான் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அது சைக்கிளுக்குச் சொன்னது, என்னிடம் சொன்னது வேறு, என்று நடக்கும்போதே தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்பா என்னிடம் எப்போது சொன்னாலும் அது வேறுதான்.

அம்மா கட்டிலோரம் நின்றிருந்தாள். இவளைப் பார்த்ததும் கோபம் வந்துவிட்டது. "என்னடி இது, பெரிய மாஸ்க்கையும் கழட்டிட்டாங்க. டியூப் எப்ப விடுவாங்களாம்? விடச் சொல்லி அவரு நேத்தே சொல்லிட்டாரே, இன்னும் என்னத்தப் பாத்துக்கிட்டு இருக்காங்க?"

டியூப் விடணும்ங்கறாங்க என்று கேட்டது அவள். விடு என்று சொன்னார் அவர். கேட்ட கேள்விக்கு நேரான பதில். இதில் அம்மாவுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. தமிழ் மட்டுமே தெரிந்த அம்மாவுக்கு நேற்றே விளங்கியது, இரண்டு பாஷை தெரிந்தவளுக்கு விளங்கவில்லை.

"இரும்மா, கேட்டுட்டு வரேன்" என்று வெளியே ஓடினாள்.

டாக்டர் வேறொரு நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவருடைய சட்டைக் கையைப் பிடித்தாள். மெஷினில் போடுங்கள், இப்பவே போடுங்கள் என்றாள். டாக்டர் அவளை ஓரமாக அழைத்துப் போய், என்ன ஆயிற்று என்று கேட்டார். அவர் மனசு மாறிவிட்டது என்றாள். காலையிலிருந்து அவருக்கு நினைவே இல்லையே என்றார் டாக்டர். ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம் என்று சொல்ல அவளுக்கு அந்தப் பாஷையில் வார்த்தையா இல்லை? இருந்தது. சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று பயந்தாள். போடுங்கள், தயவுசெய்து போடுங்கள் என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். வார்டு வாசலில் ஹெல்மெட்டுக்காரர்கள் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் வந்து பார்த்தார். இன்னொரு டாக்டரையும் கூப்பிட்டார். அம்மாவை வெளியே அனுப்பிவிட்டுத் திரையை இழுத்தார்கள். அவள் மட்டும் போகாமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இதயம் தளர்ந்துவிட்டது, இப்போது குழாயைப் போட்டால் போடும்போதே நின்றுவிடும் என்றார்கள். நேற்றே போட்டிருந்தால்? என்று கேட்டாள். சில நாள் கிடைத்திருக்கலாம், கிடைக்காமலும் போயிருக்கலாம், யாராலும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கக் கூடாதா என்று அவள் மனம் அடித்துக்கொண்டது.

அவள் அப்பாவின் காதோடு வாயை வைத்தாள். "எந்த விடுப்பா அது? ஒரு தடவை சொல்லிடுங்கப்பா. எந்த விடு?"

அப்பாவின் வாய் திறந்துதான் இருந்தது. மூச்சு ஒன்று வந்தது. ரொம்ப நேரம் கழித்து இன்னொன்று வந்தது. அடுத்ததற்கு அவள் காத்துக்கொண்டே இருந்தாள். நர்ஸ் வந்து அவள் முதுகில் கை வைத்தபோதும் காத்துக்கொண்டுதான் இருந்தாள்.

திரையை விலக்கியதும் அம்மா உள்ளே வந்தாள். பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. கத்தவில்லை. அப்பாவின் நெற்றியைத் தடவி, மாஸ்க்கின் பட்டை பதிந்திருந்த கன்னத்தைத் தடவி, போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். சலவை ஆலையில் வேலை பார்த்தவரின் பெண்டாட்டி, ஓரம் மடங்கியிருந்தால் அவளுக்குப் பிடிக்காது. அப்புறம்தான் உடம்பு குலுங்க ஆரம்பித்தது. மகள் அவளைத் தாங்கிப் பிடித்தாள். எவ்வளவு நேரம் அப்படி நின்றார்கள் என்று தெரியவில்லை.

டாக்டர் பக்கத்தில் வந்து நின்றார். அம்மாவைப் பார்த்து, மெதுவாக, நிறுத்தி நிறுத்திப் பேசினார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்தாள்.

"என்ன சொல்றாரு?"

மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். டாக்டரைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் சொன்னதைக் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் சொல்லியிருக்கிறாள். இதில் கூட்டவும் குறைக்கவும் ஒன்றும் இல்லை. டாக்டர் சொன்னதை வார்த்தை மாறாமல் சொன்னாள்.

"அப்பா என்ன கேட்டுக்கிட்டாரோ, அதையேதான் செஞ்சாங்களாம்மா."

அம்மா தலையை ஆட்டினாள். "டியூப் விட்டுப் பாத்தாங்கல்ல. அது போதும்" என்றாள். பிறகு டாக்டரின் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஊர்ப் பாஷையில் நன்றி என்றாள். புரிந்ததோ என்னவோ என்று இன்னொரு தடவையும் சொன்னாள். டாக்டர் அவள் கைமேல் தன் கையை வைத்து, பரவாயில்லை என்று சொல்லும்படி மகளிடம் சொன்னார்.